"உங்க இஷ்டம்போல செய்யுங்க"

கூட்டாக ஒரு வேலையில் இறங்கும்போது அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது. சொல்பவர் பெருந்தன்மையோடுதான் சொல்கிறார். கேட்பவருக்கும் உள்ளுக்குள் ஒரு குஷி. நம்மை நம்பி விட்டுவிட்டார்களே என்று ராப்பகலாக உட்கார்ந்து முடித்துக் கொண்டுபோய்க் காட்டினால், கொஞ்ச நேரம் புரட்டிப் பார்த்துவிட்டுப் பதில் வரும்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் மனசுல வெச்சிருந்தது வேற மாதிரி."

அப்படியானால் மனதில் ஒன்று முன்பே இருந்திருக்கிறது. அதை வாய்விட்டுச் சொல்லாமல் வைத்துக்கொண்டுதான் இஷ்டம்போல செய்யச் சொல்லியிருக்கிறார். எதிரில் இருந்தவர் கையில் கொடுத்தது விடுகதை. சுதந்திரம் என்று பெயர் மட்டும் வைத்துவிட்டார்.

இதற்கு நேரெதிரான ஆளும் எல்லாக் குழுவிலும் உண்டு. "அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை என்கிட்ட காட்டிடுங்க" என்பார். கடிதத்தின் முதல் வரி, அட்டையின் நிறம், பட்டியலில் எது மேலே எது கீழே, எல்லாவற்றிலும் அவர் கை பட்டாக வேண்டும். ஆரம்பத்தில் குழுவினர் முணுமுணுப்பார்கள், அப்புறம் பழகிவிடும். பழகிய பிறகுதான் உண்மையான சேதம். "எப்படியும் அவர் மாத்தத்தானே போறார்" என்று அரைகுறையாகச் செய்து அனுப்புவார்கள். அவர் உட்கார்ந்து திருத்துவார். திருத்திவிட்டு, "பாருங்க, நான் பார்க்கலைன்னா என்ன ஆகியிருக்கும்!" என்பார். அவர் சொல்வது சரிதான், அந்தச் சமயத்தில்.

இந்த இரண்டு பேரையும் பற்றிப் பேச்சு வந்தால் உடனே ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும். எதுவும் அளவோடு இருக்க வேண்டும், கொஞ்சம் சுதந்திரம், கொஞ்சம் வழிகாட்டல், நடுவில் நிற்கப் பழக வேண்டும். எனக்கு இந்த நடுவில் நம்பிக்கை கிடையாது. எல்லா இடத்திலும் பாதி இறுக்கம், பாதி தளர்வு என்று வைத்த குழுக்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கத்துத் தொல்லையும் சேர்ந்து வரும். எவ்வளவு வழிகாட்டுவது என்று கேட்பதைவிட, எங்கே, எப்போது என்று கேட்டால் வேலை நகர்கிறது.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், கூட்டு வேலையில் உழைப்பு ஒழுகிப்போவது இரண்டு தனித்தனி ஓட்டைகள் வழியாக. இதை முதலில் அளந்து பார்த்தவர்களில் ஒருவர் மாக்சிமிலியன் ரிங்கெல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியியலாளர். 1880களில் அவர் ஆட்களை வைத்துக் கயிறு இழுக்கச் செய்து, இழுவிசையை அளந்தார். முடிவுகள் 1913இல் வெளியாயின. ஆள் கூடக்கூடத் தலைக்கு விழும் இழுப்பு குறைந்துகொண்டே போயிற்று. எட்டுப் பேர் சேரும்போது, தனித்தனியாக இழுத்தால் கிடைக்க வேண்டிய மொத்தத்தில் கிட்டத்தட்ட பாதிதான் தேறியது.

காரணம் என்ன? எல்லாரும் ஒரே கணத்தில், ஒரே திசையில் இழுப்பதில்லை என்பது ஒன்று. ஆனால் அது மட்டும்தானா? 1974இல் ஆலன் இங்ஹமும் சகாக்களும் ஒரு குறும்பான சோதனை செய்தார்கள். ஒருவருடைய கண்ணைக் கட்டிக் கயிற்றின் முன்னால் நிறுத்தினார்கள். பின்னால் சிலர் நின்றுகொண்டு இழுப்பதுபோல் நடித்தார்கள், அவ்வளவுதான். உண்மையில் இழுத்தவர் ஒருவரே, ஒத்துப்போகவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்படியும், பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள் என்று நினைத்தபோது அவர் குறைவாகத்தான் இழுத்தார்.

ஆக, ஒருவர் இழுப்பது இன்னொருவர் இழுப்போடு பொருந்தாததால் வரும் நஷ்டம் ஒன்று. 'இதில் என் பங்கு யாருக்குத் தெரியப்போகிறது' என்பதால் வரும் நஷ்டம் இன்னொன்று. முதலாவதுக்கு வழிகாட்டல் வேண்டும்: எப்போது இழுப்பது, எந்தப் பக்கம் இழுப்பது என்று யாராவது சொல்ல வேண்டும். இரண்டாவதை வழிகாட்டலால் அடைக்கவே முடியாது. இது என் வேலை, என் பெயர் இதில் இருக்கிறது, இதை எப்படிச் செய்வது என்று நான்தான் முடிவு செய்தேன் என்ற எண்ணம் வந்தால்தான் அடையும்.

நான் பார்த்தவரை பெரும்பாலான குழப்பம் இந்த இரண்டு மருந்தையும் மாற்றிக் கொடுப்பதால் வருகிறது. ஆட்கள் ஆர்வம் குறைந்து ஒப்புக்குச் செய்கிறார்களா? உடனே தினசரி அறிக்கை, வாரம் இரண்டு மீட்டிங், பச்சை மஞ்சள் சிவப்பு போட்ட அட்டவணை என்று கட்டுப்பாட்டைக் கூட்டுகிறார்கள். ஏற்கெனவே தன்னுடையது இல்லை என்று நினைப்பவருக்கு அது இன்னும் அன்னியமாகிறது. இன்னொரு பக்கம், இரண்டு பேர் ஒரே வேலையைத் தனித்தனியாகச் செய்துவிட்டு முட்டிக்கொண்டு நிற்கிறார்களா? அங்கே போய் நம்பிக்கை, ஒற்றுமை, விட்டுக்கொடுத்தல் பற்றி உரை நிகழ்த்துகிறார்கள். அங்கே தேவைப்பட்டது யார் எதைச் செய்கிறார்கள் என்று எழுதிய அரைப் பக்கத் தாள்.

முழுச் சுதந்திரம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு பழைய சோதனை இருக்கிறது. 1930களின் இறுதியில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் கர்ட் லெவின், ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் வைட் மூவரும் பத்து வயதுச் சிறுவர்களைச் சிறுசிறு குழுக்களாகச் சேர்த்து, முகமூடி செய்வது போன்ற கைவேலைகளைக் கொடுத்தார்கள். ஒரு வகைத் தலைவர் எல்லாவற்றையும் தானே முடிவு செய்து, அடுத்த படி என்ன என்பதைக்கூட அந்தந்த நேரத்தில்தான் சொல்வார். இன்னொரு வகைத் தலைவர் சிறுவர்களோடு கலந்து பேசி, முழுத் திட்டத்தையும் முதலிலேயே புரியவைத்து, கேட்டால் இரண்டு மூன்று வழிகளைக் காட்டித் தேர்வை அவர்களிடம் விட்டுவிடுவார். சர்வாதிகாரத் தலைவர் அறையில் இருக்கும்வரை வேலை நடந்தது, அவர் வெளியே போனதும் படுத்துவிட்டது. கலந்து பேசும் தலைவர் போன பிறகும் வேலை ஓடிக்கொண்டிருந்தது. பரவலாகத் தெரிந்த முடிவு இது.

எனக்குப் பிடித்தது அதன் பின்னால் இருக்கும் கதை. மூன்றாவதாக ஒரு வகை, அதாவது தலையிடாமல் விட்டுவிடும் தலைமை, ஆரம்பத் திட்டத்தில் இல்லை. ரால்ஃப் வைட் தான் கலந்து பேசும் ஜனநாயகத் தலைவராக நடந்துகொள்வதாகத்தான் நினைத்திருந்தார். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது வேறு ஏதோ ஒன்றாகத் தெரிந்தது. சிறுவர்கள் அலைபாய்ந்தார்கள், வேலை சிதறியது. லெவின் அதைத் தவறு என்று ஒதுக்கவில்லை, தனி வகையாகவே எடுத்துக்கொண்டு ஆராயச் சொன்னார். 'நான் சுதந்திரம் கொடுக்கிறேன்' என்று ஒருவர் நினைப்பதற்கும் குழுவுக்குக் கிடைப்பதற்கும் இடையில் உள்ள தூரம் ஆய்வாளருக்கே உள்ளிருந்து தெரியவில்லை என்றால், நம் பாடு சொல்ல வேண்டுமா!

தலையிடாத குழுவில் தலைமையே இருக்காது என்று நினைப்பதும் ஏமாற்று. அமெரிக்கப் பெண்ணியச் செயற்பாட்டாளர் ஜோ ஃப்ரீமன் 1970இல் ஆற்றிய ஓர் உரையில் இதைத்தான் போட்டு உடைத்தார். பிறகு அது கட்டுரையாகவும் பரவியது. தலைவர் வேண்டாம், பொறுப்புகள் வேண்டாம், எல்லாரும் சமம் என்று தொடங்கிய தன் இயக்கத்துக் குழுக்களையே அவர் எடுத்துக்கொண்டார். எந்தக் குழுவும் அமைப்பு இல்லாமல் இருப்பதில்லை, அறிவிக்காவிட்டால் அது மறைவில் உருவாகும் என்பது அவர் வாதம். முன்பே ஒருவருக்கொருவர் நண்பர்களாக இருக்கும் நாலு பேர் தங்களுக்குள் பேசி முடிவு செய்துவிடுவார்கள். மற்றவர்களுக்கு முடிவு எங்கே நடந்தது என்பதே தெரியாது. தெரியாததால் கேள்வி கேட்கவும் முடியாது, பதவியே இல்லாதவரைப் பதவியிலிருந்து இறக்கவும் முடியாது.

இதைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. கூட்டத்தில், "யாருக்கு வேணும்னாலும் சொல்லலாம், இங்க யாரும் பெரியவங்க சின்னவங்க இல்லை" என்பார்கள். யாராவது ஒன்று சொன்னதும் எல்லாருடைய கண்ணும் மெதுவாக ஒரு மூலைக்குப் போகும். அந்த மூலையில் இருப்பவர் தலையாட்டினால் பேச்சு தொடரும், கைபேசியைப் பார்த்தால் அந்த யோசனை அத்தோடு செத்தது. புதிதாக வந்தவருக்கு அந்த மூலை எது என்று தெரிந்துகொள்ளவே மாதக்கணக்கில் ஆகும். 'இறுதி முடிவு இவருடையது' என்று எழுதி ஒட்டியிருக்கும் குழு அவருக்கு எவ்வளவோ மேல்.

சரி, எங்கே இறுக்கிப் பிடிப்பது? ஒரு கூட்டு வேலையை அருகிலிருந்து பார்த்தால் தெளிவாகத் தெரியும். பலர் ஆளுக்கொரு அத்தியாயம் எழுதிய கையேடு ஒன்றில் நானும் இருந்தேன். ஒருங்கிணைத்தவர் ஆரம்பத்தில் ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். யார் படிக்கப்போகிறார்கள்: வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர், அவசரத்தில், நின்றுகொண்டே புரட்டுபவர். எவ்வளவு நீளம். ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் செய்ய வேண்டியவற்றின் பட்டியல் ஒன்று. வரைவுக்குக் கெடு. கருத்து வேறுபாடு வந்தால் யார் சொல்வது கடைசிச் சொல். அவ்வளவுதான். எப்படித் தொடங்குவது, என்ன உதாரணம், என்ன நடை என்பதில் அவர் மூச்சு விடவில்லை. ஒருவர் முழு அத்தியாயத்தையும் கேள்வி பதிலாக எழுதினார். இன்னொருவர் தனக்கு நேர்ந்த கோளாறுகளை வரிசையாகச் சொல்லி, அதன் வழியாகவே பாடம் நடத்தினார். 'ஒரே மாதிரி இல்லையே' என்று சிலர் நெளிந்தார்கள். நின்றுகொண்டு புரட்டுபவருக்கு வேண்டியது கிடைக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு அவர் விட்டுவிட்டார்.

இடித்தது வேறு இடத்தில். மூன்றாவது அத்தியாயம் எழுதிய தம்பி, 'விவரத்துக்கு ஐந்தாம் அத்தியாயத்தின் பட்டியலைப் பார்க்க' என்று நம்பிக்கையோடு எழுதியிருந்தார். ஒருங்கிணைத்தவரிடம் வந்து கேட்டார்:

"அக்கா, அஞ்சாவதுல பட்டியலையே காணோமே?"

"அதைப் படமாக்கிட்டாரேப்பா. அழகா இருக்கேன்னு நானும் விட்டுட்டேன்."

"அழகாத்தான் இருக்கு. ஆனா ஏழாவது வரியைப் பாருங்கன்னு எழுதியிருக்கேன். படத்துல எங்கக்கா வரி?"

அன்று அந்த ஒரு பக்கத் தாளில் இன்னொரு வரி சேர்ந்தது. உன் அத்தியாயத்துக்குள் நீ என்ன செய்தாலும் சரி, இன்னொருவர் சார்ந்திருக்கும் ஒன்றை மாற்றுவதானால் முதலில் அவரிடம் சொல். நம் வீட்டுக்குள் எந்த நிறம் அடித்தாலும் நம் பாடு. பொதுச் சுவரில் ஆணி அடிக்கும் முன் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்வதில்லையா, அதுபோலத்தான். மூட்டுகளை இறுக்கிவிட்டால் உள்ளே தாராளமாகத் தளர்த்தலாம். குழுக்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கின்றன: உள்ளே இருக்கும் நடையையும் நிறத்தையும் கண்காணித்துவிட்டு, ஒரு வேலை இன்னொரு வேலையோடு சேரும் இடத்தை 'அதெல்லாம் பேசிக்கலாம்' என்று விட்டுவிடுகின்றன.

உலகம் அறிந்த உதாரணம் ஒன்றும் இதே திசையைத்தான் காட்டுகிறது. 2000இல் நூபீடியா என்ற இணையக் கலைக்களஞ்சியம் தொடங்கியது. நிபுணர்கள் எழுத, ஏழு கட்டச் சரிபார்ப்பு தாண்டித்தான் கட்டுரை வெளிவரும். முதல் ஆண்டில் தேறியவை இருபத்துச் சொச்சம் கட்டுரைகள். அதற்குத் துணையாக, யாரும் எழுதலாம் என்று 2001 ஜனவரி 15 அன்று விக்கிப்பீடியாவைத் திறந்துவிட்டார்கள். அந்த ஆண்டு முடிவில் சுமார் 20,000 கட்டுரைகள். 'பார்த்தீர்களா, கட்டுப்பாட்டை எடுத்தால் போதும்' என்று இந்தக் கதையைச் சொல்லி முடித்துவிடுபவர்கள் உண்டு. பாதிக் கதைதான் அது. அங்கும் தொடக்கத்திலிருந்தே அசைக்க முடியாதபடி ஒன்று இருந்தது: நடுநிலை நோக்கில் எழுத வேண்டும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழிப்பதும், அவர் திரும்ப எழுதுவதும், இவர் திரும்ப அழிப்பதுமாகச் சண்டை முற்றியபோது, 24 மணி நேரத்தில் ஒரே பக்கத்தில் மூன்று தடவைக்கு மேல் அடுத்தவர் மாற்றத்தை நீக்கிப் பழையபடி மீட்கக் கூடாது என்று 2004இல் விதி வந்தது. அந்த விதி எதில் கைவைக்கிறது என்று கவனியுங்கள். என்ன எழுதலாம் என்பதில் இல்லை, இரண்டு பேர் மோதும் இடத்தில்.

முன்னால் நின்று கையசைத்து வழிநடத்தும் இசை நடத்துநர் இல்லாமலே வாசிக்கும் ஆர்ஃபியஸ் என்ற இசைக்குழு 1972 முதல் நியூயார்க்கில் இயங்குகிறது. தலைவர் இல்லாத குழு என்று பலர் மேற்கோள் காட்டுவார்கள். அருகில் போய்ப் பார்த்தால் தலைமை நிறையவே இருக்கிறது, ஒரே ஆளிடம் தங்குவதில்லை என்பதுதான் வித்தியாசம். ஒவ்வொரு படைப்புக்கும் ஒரு சிறு உட்குழு அமையும். அவர்கள் முதலில் உட்கார்ந்து அதை எப்படி வாசிக்கலாம் என்று ஒரு வடிவத்துக்கு வந்த பிறகுதான் முழுக் குழுவுக்கும் கொண்டுவருவார்கள். முதல் வயலின் இருக்கையும் படைப்புக்குப் படைப்பு கைமாறும். ஒத்திகையில் யாராவது எழுந்து அரங்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்து, ஓசை சமமாக வருகிறதா என்று கேட்டுவிட்டு வந்து சொல்வார்கள். இந்தக் கடைசிப் பழக்கத்தை எல்லாக் குழுக்களும் கடன் வாங்கலாம். வாசித்துக்கொண்டிருப்பவருக்குத் தன் பக்கத்து ஒலிதான் பெரிதாகக் கேட்கும்.

'எங்கே' என்பது இப்படி என்றால், 'எப்போது' என்பதிலும் நிறையச் சொதப்புகிறோம். யோசனைகளைத் திரட்டும் கட்டத்தில் வழிகாட்டல் அடங்கியிருக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். அதற்காகக் கண்டுபிடித்ததுதான் எல்லாரையும் ஓர் அறையில் உட்கார வைத்து மனதில் பட்டதைச் சொல்லச் சொல்லும் முறை. விளம்பரத் துறைக்காரரான அலெக்ஸ் ஆஸ்பர்ன் 1950களில் அதைப் பிரபலமாக்கினார். 1958இலேயே யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து யோசித்ததைவிட, நாலு பேர் தனித்தனியாக யோசித்ததைத் தொகுத்தபோது யோசனைகள் கிட்டத்தட்ட இரு மடங்கு வந்தன. 1987இல் மைக்கேல் டீல், வொல்ஃப்காங் ஸ்ட்ரோப இருவரும் முக்கியக் காரணத்தையும் காட்டினார்கள்: ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் தன் யோசனை நழுவிவிடும், அல்லது புதிது வராது. ஆகவே முதலில் பத்து நிமிடம் யாரும் பேசாமல் அவரவர் தாளில் எழுதுவது, அப்புறம் பேசுவது என்று வைத்தால் போதும். இது கட்டுப்பாடுதான், அதுவும் வாயை மூடச் சொல்லும் கட்டுப்பாடு. ஆனால் கூச்ச சுபாவக்காரருக்கு இதைவிடப் பெரிய சுதந்திரம் கிடையாது.

அப்புறம், பொறுப்பில் இருப்பவர் கடைசியில் பேச வேண்டும். அவர் முதலில் வாயைத் திறந்துவிட்டால் மீதிப் பேர் அதற்கு உரை எழுத ஆரம்பித்துவிடுவார்கள். இதில் ஒரு நுட்பமான தொல்லை இருக்கிறது. "இப்படியும் செய்யலாமோன்னு தோணுச்சு, சும்மா சொன்னேன்" என்று அவர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவார். கீழே இருவர் சனி ஞாயிறு உட்கார்ந்து அதைச் செய்து முடிப்பார்கள். திங்கட்கிழமை காட்டினால், "அடடா, இதை யார் செய்யச் சொன்னது?" என்பார். நான் பார்த்ததிலேயே உருப்படியான மருந்து, ஒவ்வொரு கருத்துக்கும் முன்னால் அது எந்த வகை என்று சொல்லிவிடுவது. இது கட்டாயம், இது யோசனை, எடுத்தாலும் சரி விட்டாலும் சரி, இது வெறும் என் ரசனை, காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். முதல் சில நாள் நாடகம் மாதிரி இருக்கும். ஆனால் எழுதிப் பார்க்கும்போது சொல்பவருக்கே ஒரு விஷயம் உறைக்கும்: கட்டாயம் என்று நினைத்து அனுப்ப இருந்தவற்றில் பெரும்பகுதி ரசனைதான்.

ஆளுக்கு ஆள் மாறும் என்பதையும் சொல்லியாக வேண்டும், சுருக்கமாக. புதிதாக வந்தவரிடம் 'நீங்களே பார்த்துச் செய்யுங்க' என்பது தண்டனை. பழுத்தவரிடம் படிப்படியாக விளக்குவது அவமானம். இதில் கவனிக்காமல் விடுவது, ஒரே ஆள் ஒரு வேலையில் பழுத்தவராகவும் இன்னொன்றில் கத்துக்குட்டியாகவும் இருப்பார் என்பதை. கணக்கில் புலியாக இருப்பவரிடம் கூட்டத்தை நடத்தும் பொறுப்பையும் கொடுத்துவிட்டு, 'அவருக்குத் தெரியாததா' என்று நகர்ந்துவிடுவார்கள். அவரும் கேட்கக் கூச்சப்பட்டுத் தடுமாறுவார். கேட்பதற்கு ஒரு நேரம் ஒதுக்கி வைத்துவிட்டால், வாரத்தில் ஒரு மணி நேரம் கதவு திறந்திருக்கும் என்று சொல்லிவிட்டால், கேட்பது பலவீனம் என்ற எண்ணம் கொஞ்சம் தளரும். திணிக்காமல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் வழிகாட்டல்தான் எனக்குத் தெரிந்து அதிகம் பயன்படுகிறது.

இத்தனையும் சொன்ன பிறகு மிஞ்சுவது, வழிகாட்டுபவர் விலகும்போது என்ன ஆகும் என்பது. பைத்தான் என்ற கணினி நிரல்மொழியை உருவாக்கிய கீடோ வான் ராசம் பல ஆண்டுகளாக அதில் கடைசிச் சொல்லைத் தன்னிடம் வைத்திருந்தார். 2018 ஜூலையில், மொழியில் ஒரு சிறு வசதியைச் சேர்ப்பது பற்றிய சச்சரவுக்குப் பிறகு, அந்த இடத்திலிருந்து ஒதுங்குவதாக அறிவித்தார். வாரிசு என்று யாரையும் கைகாட்டவில்லை. எப்படி நடத்துவது என்பதை நீங்களே பேசி முடிவு செய்யுங்கள் என்று குழுவிடம் விட்டுவிட்டார். கேட்க 'உங்க இஷ்டம்' மாதிரிதான் இருக்கிறது. ஆனால் இவர் மனதில் ஒளித்து வைத்த விடை எதுவும் இல்லை. சில மாதம் பல திட்டங்களை முன்வைத்து விவாதித்து, டிசம்பரில் வாக்கெடுத்து, 2019 தொடக்கத்தில் ஐந்து பேர் கொண்ட வழிநடத்தும் குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே நிறுவனத்தில் வேலை செய்பவர்கள் இரண்டு பேருக்கு மேல் அதில் இருக்கக் கூடாது. புதிய பெரிய பதிப்பு ஒவ்வொன்றுக்கும் பிறகு மறுபடி தேர்தல். அந்தக் குழுவுக்குப் பரந்த அதிகாரத்தைக் கொடுத்துவிட்டு, அதை முடிந்தவரை குறைவாகப் பயன்படுத்த வேண்டும் என்றும் அதே ஆவணத்தில் எழுதி வைத்தார்கள். முதல் ஐவரில் கீடோவும் ஒருவர், மற்ற நால்வரைப் போலவே ஒரு வாக்கோடு. அடுத்த தேர்தலில் அமைந்த குழுவில் அவர் பெயர் இல்லை. மொழி வழக்கம்போல் புதுப்பதிப்புகளோடு வந்துகொண்டிருக்கிறது.